பேனாவைத் தொட்டால் மட்டும்

என் வலது கை முதன்முதலாகச் சொல்பேச்சு கேட்காமல் போனது ஒரு மதிய வேளையில். காலை ஷிப்ட் முடிந்து, அடுத்து வரும் சிஸ்டரிடம் வார்டை ஒப்படைப்பதற்கான ரிப்போர்ட்டை எழுதிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு படுக்கைகள். ஒவ்வொருவருக்கும் நாலு வரியாவது எழுத வேண்டும். ஒன்பதாம் படுக்கைக்கு வந்தபோது ஆள்காட்டி விரல் பேனாவைத் தாளோடு சேர்த்து அழுத்தியது. மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கியது. சுண்டுவிரல் தானாக எழுந்து நின்றது. பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது.

வலி ஏதும் இல்லை. கையை உதறிவிட்டு எழுந்து போய் ஒருவருக்கு ஊசி போட்டேன். கை ஒழுங்காகத்தான் இருந்தது. திரும்பி வந்து பேனாவை எடுத்து எழுதினேன். மறுபடியும் மடங்கியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆண்கள் பொது வார்டில் நான் சீனியர் நர்ஸ். முப்பத்தி நாலு வயது. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். அப்பா கடைசிவரை கைநாட்டுத்தான். சர்ச்சுப் பள்ளியில் படித்து, ஹாஸ்டலில் தங்கி நர்சிங் முடித்து, எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாக மாதச் சம்பளத்துக்குப் போனவள் நான். மருத்துவமனையில் எனக்கு இரண்டு விஷயங்களில் நல்ல பேர். ஒன்று, ரத்தக்குழாய் அகப்படாத நோயாளி என்றால் மற்ற வார்டுகளிலிருந்தும் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிடுவார்கள். இன்னொன்று என் கையெழுத்து. நான் எழுதிய கேஸ் ஷீட் என்றால் டாக்டர்கள் கண்ணாடி தேட மாட்டார்கள்.

அந்தக் கையெழுத்து மூன்று மாதத்தில் சிதைந்து போனது. பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் சொருகி எழுதிப் பார்த்தேன். பென்சிலால் எழுதிப் பார்த்தேன். எழுத ஆரம்பித்த இரண்டாவது வரியிலேயே கை இறுகிவிடும். ஷிப்ட் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகும் நான் மேஜையிலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் மருந்து அட்டையில் நான் எழுதிய ஒன்று என்ற எண், ஏழு போலத் தெரிந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்திருந்த நர்ஸ் சந்தேகப்பட்டு, மாத்திரையைக் கொடுக்கும் முன்னால் என்னிடம் வந்து கேட்டாள். "இது ஏழுங்களா சிஸ்டர்? இவ்வளவு குடுக்கலாங்களா?" ஒன்றுதான் என்று சொல்லி அட்டையை வாங்கிக்கொண்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நானே நர்ஸுகளுக்குத் தலைமையான மேட்ரனிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

மேட்ரன் கண்டிப்பானவர், அநியாயக்காரர் இல்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காலையில ஐசியூவுல போய் ஊசி ஏத்திட்டு வந்தது இந்தக் கைதானம்மா?"

"ஆமாங்க மேடம்."

"ஊசி போடற கைக்கு எழுத மட்டும் எப்படிம்மா வராமப் போகும்?"

அதே கேள்வியைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எலும்பு டாக்டர் மணிக்கட்டில் பட்டை கட்டி, சூடான மெழுகில் கையை முக்கி எடுக்கச் சொன்னார். பத்து நாள் முக்கினேன். பொது டாக்டர் கையை மடக்கி நீட்டிப் பார்த்து, பலம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி, சத்து ஊசி பத்து எழுதினார். அதுவும் பலிக்காதபோது கதவைச் சாத்திவிட்டு, மெல்லிய குரலில், "வீட்டுல ஏதாவது பிரச்சனையாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. மனசை அமைதிப்படுத்த ஒரு மாத்திரை கொடுத்தார். நாலு நாள் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். கை மாறவே இல்லை. அதற்குள் நர்ஸுகள் சாப்பிடும் அறையில், நான் ரிப்போர்ட் எழுதுவதிலிருந்து தப்பிக்க நாடகம் ஆடுகிறேன் என்று பேச்சு வந்துவிட்டது.

நாங்கள் அப்போது சரவணம்பட்டியில் வாடகைக்கு இருந்தோம். சோளக்காட்டை ஒட்டிய இரண்டு அறை வீடு. என் கணவர் பம்ப்செட் கம்பெனியில் பிட்டர். எந்த மெஷின் நின்றுபோனாலும் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும் என்று நம்புகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்ததும் என்னைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தார். கத்தி, கரண்டி, ஊசி நூல், பென்சில், பேனா எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பினார்.

"இந்தா புள்ள, ஒவ்வொண்ணா எடு. எதுல கை மாட்டுதுன்னு பாத்துப்போடலாம்."

வெங்காயம் அரிந்தேன். ஊசியில் நூல் கோத்தேன். கரண்டியால் கிண்டினேன். கை இளகித்தான் இருந்தது. பேனாவைச் சும்மா பிடித்துக்கொண்டு இருந்தேன். அப்போதும் ஒன்றும் இல்லை. "இப்ப உன்ற பேர எழுது" என்றார். முதல் எழுத்திலேயே மணிக்கட்டு மடங்கியது. பிறகு கரண்டிக் காம்பைப் பேனா மாதிரிப் பிடித்து, மேஜைமேல் எழுதுவது போலப் பாவனை செய்யச் சொன்னார். மை இல்லை, தாள் இல்லை. அதற்கும் கை மடங்கியது. அவர் தாடையைச் சொறிந்துவிட்டு, சாக்பீஸைக் கொடுத்துச் சிமெண்ட் தரையில் எழுதச் சொன்னார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தோளிலிருந்து கையை வீசிப் பெரிதாக எழுதினேன். என் பழைய கையெழுத்து அப்படியே வந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவிடவில்லை.

"கையில கோளாறு இல்ல புள்ள. இருந்தா வெங்காயம் அரியறப்பயும் வரோணும். கைக்கு உத்தரவு போடற எடத்துல என்னமோ ஆகிப்போச்சு. அது எங்கன்னு தெரிஞ்ச டாக்டரப் பாக்கோணும்."

அடுத்த நாள் சைக்கிள் கைப்பிடி ரப்பரை வெட்டிப் பேனாவுக்கு உறை போட்டுக் கொடுத்தார். தடிமனான பேனாவால் ஒரு வாரம் ஓரளவு எழுத வந்தது. எட்டாவது நாள் பழையபடி ஆனது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் என்னையே சந்தேகப்படுவதை நிறுத்திவிட்டேன். இது நாடகம் இல்லை, பைத்தியமும் இல்லை. பேர் தெரியாத ஒன்று. அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வார்டில் ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். சென்னிமலைப் பக்கம் தோட்டமும் விசைத்தறியும் உள்ளவர். பார்க்கின்சன் நோய். முகத்தில் சலனமே இருக்காது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவது போல ஆடிக்கொண்டே இருக்கும். எழுந்து நடக்க ஆரம்பித்தால் சின்னச் சின்ன அடியாக வைப்பார். குளியலறை வாசலுக்கு வந்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் அவர் மகன் நின்று, "நடங்கப்பா, நடங்கப்பா" என்று தள்ளுவான்.

"காலு சொல்றதக் கேக்க மாட்டேங்குது அம்மணி" என்று என்னிடம் சொன்னார். குரல் காற்று மாதிரி வந்தது. "தள்ளுனா விழுந்துபோடுவேன். இவனுக்குச் சொன்னாப் புரியறதில்ல."

எனக்குப் புரிந்தது. அது எனக்கே விசித்திரமாக இருந்தது. அவரைப் போன்ற ஒருவரின் காட்டில்தான் என் அம்மா களை வெட்டினாள். ஊரில் என்றால் இவர் என் அம்மாவை அம்மணி என்று மரியாதையாகக் கூப்பிட்டிருக்க மாட்டார். அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் உடம்பு பேச்சைக் கேட்காத அவமானம் அந்த வார்டில் எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்த மாதம் முதல் வாரத்துக்கு இரண்டு நாள் வந்துபோக ஆரம்பித்திருந்த நரம்பியல் டாக்டர்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் டாக்டர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக, நான் பக்கத்தில் நின்று எழுதினேன். என்னை அறியாமலேயே ஒரு பழக்கம் வந்திருந்தது. இடது கை ஆள்காட்டி விரலை வலது மணிக்கட்டின் பின்பக்கம் இலேசாகத் தொட்டுக்கொண்டால் ஒரு வரி கூடுதலாக எழுத முடியும். டாக்டர் பேச்சை நிறுத்தினார்.

"சிஸ்டர், அந்த விரலை எதுக்கு அங்க வச்சிருக்கீங்க?"

"அப்படி வச்சாக் கொஞ்சம் எழுதுதுங்க சார்."

"எடுத்துட்டு எழுதுங்க பார்ப்போம்."

எடுத்தேன். கை மடங்கியது. அவர் பெரியவரின் கேஸ் ஷீட்டை மூடிவைத்துவிட்டு, என் முன்கையைப் பிடித்தார். "எழுதிட்டே இருங்க. இப்ப உங்க இடது கையால இங்க மேல தொட்டுப் பாருங்க. இப்பக் கீழ." மேல்பக்கமும் கல், கீழ்ப்பக்கமும் கல். "மடக்கற தசையும் நீட்டற தசையும் ஒரே நேரத்துல இறுகுது பாருங்க. ஒண்ணு இறுகினா இன்னொண்ணு விட்டுக் கொடுக்கணும். ரெண்டும் சண்டை போட்டா கை எப்படி எழுதும்?"

ரவுண்ட்ஸ் முடிந்ததும் அரை மணி நேரம் எனக்காக உட்கார்ந்தார். இதற்கு எழுதுவோர் பிடிப்பு என்று பேர் என்றார். மூளையின் அடியாழத்தில் சின்னச் சின்ன நரம்புக் கொத்துகள் இருக்கின்றன. நாம் ஒரு வேலையைச் செய்ய நினைக்கும்போது, அதற்கு வேண்டிய தசைகளை விடுவித்து, வேண்டாதவற்றைப் பிடித்து வைப்பது அவற்றின் பொறுப்பு என்றார். பேசல் கேங்லியா. நர்சிங் படிக்கும்போது ஐந்து மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்த பேர்தான். அது என் கைக்குள் வரைக்கும் வரும் என்று நினைத்ததில்லை.

"பெரியவருக்கு அந்த இடத்துல விடுவிக்கிற வேலை நடக்கல. அதனால கால் கிளம்ப மாட்டேங்குது. உங்களுக்குப் பிடிச்சு வைக்கிற வேலை சரியா நடக்கல. அதனால எல்லாத் தசையும் ஒண்ணாப் பாயுது. இடம் ஒண்ணுதான், கோளாறு வேற."

"எழுதும்போது மட்டும் ஏனுங்க சார்?"

"வருஷக்கணக்கா ஒரே நுணுக்கமான வேலையைச் செஞ்ச கைக்குத்தான் பெரும்பாலும் வருது. வீணை வாசிக்கிறவங்களுக்கு வாசிக்கும்போது மட்டும் வரும். முழுக் காரணம் எங்களுக்கே இன்னும் தெரியாது."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி அன்றுதான் கேட்டேன். அவர்மேல் நம்பிக்கை வந்தது.

ஒரு மாத்திரை கொடுத்துப் பார்த்தார். வாய் வறண்டது. பொடி எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. மருந்துச் சீசாவைப் படிக்க முடியாத நர்ஸ் எதற்கு ஆவாள்? நிறுத்திவிட்டேன். தசையைத் தளர்த்தும் ஊசி ஒன்று வெளிநாட்டில் போடுகிறார்கள். இங்கே பெரிய நகரங்களில் எங்காவது கிடைத்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும் என்றார்.

"வேற வழியே இல்லீங்களா?"

"இடது கையால எழுதிப் பழகலாம். நிறையப் பேர் பழகியிருக்காங்க. ஆனா சிலருக்குக் கொஞ்ச வருஷத்துல அந்தக் கைக்கும் வந்துடும். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

அன்று மாலையே பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் இருந்த கடையில் இரட்டைக்கோடு நோட்டு இரண்டு கேட்டேன். கடைக்காரர், "கொழந்த எத்தனாவது படிக்குதுங்க?" என்றார்.

"எனக்குத்தானுங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் மேட்ரனிடம் நோயின் பேரையும், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் காட்டினேன். படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். எழுத்து வேலை இல்லாத டிரெஸ்ஸிங் அறைக்கு நிரந்தரமாக மாற்றிவிடுவதாகச் சொன்னார். அவர் அதை உதவியாகத்தான் நினைத்தார். அங்கே போனவர்கள் வார்டுக்குத் திரும்பி வந்ததில்லை.

"ரெண்டு மாசம் குடுங்க மேடம். அதுவரைக்கும் என்னோட ரிப்போர்ட்ட நான் சொல்லச் சொல்லப் புதுசா வந்த நர்ஸ் பொண்ணு எழுதட்டும். அவளோட ஊசி, டிரிப் எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். ரெண்டு மாசத்துல இடது கையால எழுதிக் காட்டறேன். முடியலன்னா நானே போயிர்றேன்."

"பிடிவாதக்காரியா இருக்கியே" என்றார். ஆனால் சம்மதித்தார்.

இடது கை எழுத்து என்பது கை சம்பந்தப்பட்ட வேலை மட்டும் இல்லை என்று முதல் வாரத்தில் தெரிந்தது. தோள் வலித்தது, கழுத்து வலித்தது. ஆங்கிலத்தில் சின்ன ஏ எழுதவே ஒரு பக்கம் ஆனது. இடது கை எழுதினால் மடியில் சும்மா கிடக்கும் வலது கை தானாக மடங்கியது. அதை டாக்டரிடம் சொன்னபோது, நோய் கையில் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்றார். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு எழுதினேன். விடிகாலை சமையலுக்கு முன்னால் ஒரு பக்கம், பஸ்ஸில் இடம் கிடைத்தால் அரைப் பக்கம். என் கணவர் தினமும் நோட்டைப் பார்ப்பார். நல்லாயிருக்கு என்று ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. "நேத்தைக்கு இன்னைக்குக் கோணல் கொறஞ்சிருக்குது" என்பார். அது போதும் எனக்கு.

மதியம் வார்டு அடங்கும் நேரத்திலும் நோட்டை எடுப்பேன். ஒரு நாள் பெரியவர் பார்த்துவிட்டார்.

"அது ரெட்டைக்கோடு நோட்டுங்களா அம்மணி? எனக்கொரு தாள் கிழிச்சுக் குடுங்க."

தோட்டத்தில் ஒரு பாகத்தை மகள் பேருக்கு எழுதி வைக்க அவர் ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. அவர் கையெழுத்து, போடப் போடச் சிறுத்துக்கொண்டே போய்க் கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். மகன் கட்டைவிரல் ரேகை வைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறான். "கைநாட்டு வெக்கச் சொல்றான் அம்மணி. நான் அந்தக் காலத்து எஸ்எஸ்எல்சி. கைநாட்டுன்னா கேவலமில்லீங்களா?"

"எங்கப்பா கைநாட்டுதானுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் எதுவும் தெரியாது, நோய் அப்படி. "தப்பாச் சொல்லிப்போட்டேன்" என்றார்.

நான் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அதில் ஒரு அதிசயம் நடந்தது. வெறும் தாளில் சிறுத்துப் போகும் எழுத்து, இரண்டு கோட்டுக்கு நடுவில் எழுதும்போது சிறுக்கவில்லை. மேல்கோட்டைத் தொட்டு, கீழ்க்கோட்டைத் தொட்டு முழுசாக வந்தது. தானாக நடக்காத ஒன்று, கண்ணுக்கு முன்னால் ஒரு அடையாளம் இருந்தால் வேறு வழியாக நடக்கிறது என்று டாக்டர் விளக்கினார். அதைக் கேட்டதும் குளியலறை வாசலில் வெள்ளைப் பிளாஸ்திரியை ஒரு அடிக்கு ஒன்றாகக் குறுக்கே ஒட்டினேன். பெரியவர் வாசலில் நின்றார். முதல் கோட்டைப் பார்த்தார். காலைத் தூக்கி அதைத் தாண்டினார். அடுத்ததைத் தாண்டினார். மகன் வாயைப் பிளந்து நின்றான்.

பத்து நாள் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதினோம். நான் ஆங்கில எழுத்துகள், அவர் தன் பேர். பேச்சு அதிகம் இல்லை. அவர் வீட்டுக்குப் போகும்போது பிளாஸ்திரிச் சுருள் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் முடிவதற்கு மூன்று நாள் முன்னதாகவே நான் மேட்ரன் அறைக்குப் போனேன். அன்றைய காலை ஷிப்ட் ரிப்போர்ட் முழுவதையும் அவர் கண்ணெதிரில் எழுதினேன். இருபத்திரண்டு படுக்கைகள். ஒரு மணி நேரம் ஆனது. முன்பு அதில் பாதிதான் ஆகும். வியர்வை தாளில் விழாமல் இருக்க நடுவில் இரண்டு முறை முகத்தைத் துடைத்துக்கொண்டேன். முடித்ததும் அவர் வாங்கி, எண்களை மட்டும் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

"ஒண்ணு ஒண்ணாத்தான் இருக்கு. ஏழு ஏழாத்தான் இருக்கு" என்றார். "எழுத்து சாஞ்சிருக்கு. பரவால்ல. வார்டுலயே இரு."

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். தடுக்க என் கணவர் அங்கே இல்லை.

பெரியவர் நாலு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். போகிற அன்று பத்திரத்தில் பென்சிலால் இலேசாக இரண்டு கோடு போட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினாராம். அதற்குப் பிறகு அவர் நோய் வளர்ந்துகொண்டே போனது. கோடுகளும் பலிக்காத காலம் வந்தது என்று மகன் ஒருமுறை வந்து சொன்னான். படுக்கையில் எப்படித் திருப்பிப் போடுவது, தண்ணீரை எப்படிப் புரை ஏறாமல் கொடுப்பது என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்தேன். அதற்குள் அவன் தள்ளுவதை விட்டிருந்தான்.

என் இடது கை ஐந்து வருஷம் தாங்கியது. பிறகு, டாக்டர் முன்கூட்டியே சொன்னபடி, அதிலும் ஒரு இறுக்கம் எட்டிப் பார்த்தது. முதல் தடவை மாதிரி நான் பயப்படவில்லை. ரிப்போர்ட்டைக் கடைசி மணியில் மொத்தமாக எழுதாமல் காலையிலிருந்தே மூன்று மூன்று படுக்கையாகப் பிரித்து எழுதினேன். நின்றுகொண்டு எழுதினேன். வங்கியில் பழைய கையெழுத்தை மாற்றி, வளைவே இல்லாத நாலு கோட்டுக் கையெழுத்தாக வைத்துக்கொண்டேன். வலது கை மட்டும் எழுத்துக்குத் திரும்பவே இல்லை.

இதற்கெல்லாம் முன்பே, தொண்ணூறுகள் முடிவதற்குள் அந்த டாக்டர் இதே நோயோடு வருகிற சிலரை என்னிடம் அனுப்ப ஆரம்பித்தார். ஒரு புதன்கிழமை மத்தியானம் மில் ஆபீசில் கிளார்க்காக இருந்த ஒரு பெண் வந்தாள். உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஆபீசுல ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்கக்கா. வேலைக்குக் கள்ளம் பண்றேன்னு சொல்றாங்க. எங்க ஊட்டுலயும் அப்படித்தான்."

"நான் நம்பறேன் கண்ணு. எழுதிக் காட்டு" என்றேன்.

எழுதினாள். கட்டைவிரல் விறைத்து நிமிர்ந்தது, பேனா கையைவிட்டு எகிறிப் போய்த் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்து மேஜையில் வைத்தேன். அவள் மணிக்கட்டில் எங்கே தொட்டால் இளகுகிறது என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தோம்.